குச்சி சொன்ன இடம்

நெப்ராஸ்காவில் வெண்டல் கிழவரின் கிணறு வற்றி, மாடுகள் தாகத்தில் கத்தின. நிலத்தடி நீர் ஆராயும் ராபர்ட்டா வந்து வரைபடத்தை விரித்தாள்.

"ஹைட்ராலஜிப்படி, வைக்கோல் கொட்டகைக்குப் பின்னாடி தோண்டணும்."

"ஹைட்ராலஜியாவது வெங்காயமாவது! கிளம்பும்மா."

மறுநாள், கவைக்குச்சியால் நீரோட்டம் பார்க்கும் டுவெய்ன் வந்தான். கண்ணை மூடிக்கொண்டு தோட்டமெல்லாம் நடந்தான். கொட்டகைக்குப் பின்னால் குச்சி துள்ளியது. தோண்டினார்கள், தண்ணீர் பீறிட்டது.

வெண்டல் உடனே ராபர்ட்டாவுக்குப் போன் போட்டார்.

"நீ சொன்ன அதே இடம்தான். ஆனா குச்சி சொன்னாத்தான் நான் நம்புவேன்! உன் ஹைட்ராலஜியை என் மாடுகூட மோந்து பாக்காது!"

"ரொம்ப சந்தோஷம் பெரியவரே."

போனை வைத்த ராபர்ட்டா, சோபாவில் படுத்திருந்த புருஷனைத் தட்டி எழுப்பினாள்.

"டுவெய்ன், அடுத்தது ஹென்ட்ரிக் பண்ணை. நாளைக்கு நான் போய்த் திட்டு வாங்கிட்டு வரேன். நாளன்னைக்கு நீ குச்சியைத் தூக்கிட்டுப் போ."