ஏழுக்கு மேல் ஒன்று

"இருக்கிறது ஒரே நாற்காலி. நொண்டுறது ரெண்டு பேரு. ஒத்தக்கால்ல நின்னு யாரு கம்மியா எழும்புறாங்களோ, அவங்களுக்குத்தான்!" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார் லைன் சூப்பர்வைசர் விமல்ராஜ்.

ஓசூரில் அந்தக் கம்பெனியில் எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. தயாரான பொருளைச் சரிபார்க்கும் சோதனை மேஜையில் மட்டும்தான் உட்காரலாம். அது கிடைக்காவிட்டால் சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுவதாக ஜெயசெல்வி எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். காலையில் எழுந்து குதிகாலை ஊன்றினால் உயிரே போகிறது, பாவம்.

கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்திருந்த கால் டாக்டர் அவள் குதிகாலை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒற்றைக்காலில் நிறுத்தி, நுனிவிரலில் எழும்பி எழும்பி இறங்கச் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் உரக்க எண்ணினார்கள். ஏழோடு சாய்ந்துவிட்டாள்.

"ருக்மணி அக்கா வரட்டும், பாருங்க. ரெண்டுலயே விழுந்துரும். நடிக்கச் சொல்லியா குடுக்கணும்!"

ஜெயசெல்வியின் வாய்தான் இப்படிப் பேசியது. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

லைனுக்கு ஒருவர் திரும்பினால்தான் அடுத்தவரை விடுவார்கள். பார்க்க நின்றுவிட்ட ஜெயசெல்விக்குப் பதிலாக வேறொருத்தி லைனில் போய் நின்ற பிறகு ருக்மணி நொண்டிக்கொண்டே வந்தாள். டாக்டர் திரைக்குப் பின்னால் அவள் காலைப் பார்த்துவிட்டு வெளியே அழைத்து வந்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

விழவில்லை!

"ஆறு... ஏழு..."

ஜெயசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு!"

ருக்மணி காலை ஊன்றிவிட்டாள். ஜெயசெல்வி வலியை மறந்து குதித்தே விட்டாள். நாற்காலி அவளுக்கு!

"எட்டு எழும்புற காலுக்கா ஆறு மாசமா இந்த நொண்டல்?" என்று விமல்ராஜ் கேட்க, அறையே சிரித்தது. ஜெயசெல்வியின் சிரிப்புதான் பலமாகக் கேட்டது. ருக்மணி நொண்டிக்கொண்டே லைனுக்குப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஜெயசெல்வி குதிகால் வலிக்கான பயிற்சித் தாளை வாங்கப் போனாள். டாக்டர் இரண்டு தாள்களை நீட்டினார்.

"ஒண்ணு அந்த அம்மாவுக்கு. தினமும் கட்டாயம் பண்ணச் சொல்லுங்க."

"அவங்களுக்கு எதுக்கு சார்? அதான் ஜம்முன்னு எட்டு எழும்பினாங்களே!"

டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"உள்ளே வச்சுப் பாத்தப்ப ரெண்டுக்கு மேல முடியலைம்மா. வெளிய வர்றப்ப, 'செல்வி எத்தனை சார்?'னு கேட்டாங்க. ஏழுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."