ஈரல் ஐந்து கிராம்

இதயம் கிலோ நூற்றைம்பது. ஈரல் கொசுறு.

பாயின் கோழிக்கடையில் அண்ணாச்சிக்கு அதுதான் விலை.

இன்றும் பாய் கைநிறைய ஈரலை அள்ளினார். அண்ணாச்சி தன் பையின் வாயைச் சட்டென்று மூடிக்கொண்டார்.

"அஞ்சு கிராம் போதும் பாய். நிறுத்துப் போடுங்க."

"தங்கமா அண்ணாச்சி, அஞ்சு கிராம் நிறுக்க?"

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

முப்பது வருட மளிகைக் கடையில் அவர் யாருக்கும் ஒரு கடுகு கூடுதலாகப் போட்டதில்லை. தனக்கு வந்த கொசுறை விட்டதும் இல்லை.

வீட்டில் பிரிட்ஜ் கதவில் மகள் ஒட்டிய சீட்டு. வேலைக்கு டப்ளின் கிளம்பிய அன்று எழுதியது. அவளுடைய கறுப்புப் பூனை மிளகுக்கு ஒரு நாள் சாப்பாடு, எல்லாம் பச்சையாக.

எலும்போடு அரைத்த கோழி எண்பது கிராம். இதயம் இருபது. ஈரல் ஐந்து.

ஐந்துக்குக் கீழே இரண்டு கோடு.

பிள்ளை அப்பன் காசை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்தார். சும்மா வருவதில் என்ன மிச்சம்? அள்ளி அள்ளிப் போட்டார்.

பதினோரு மாதம்.

மிளகு ஈரலைத்தான் முதலில் தின்னும். தின்றுவிட்டு வந்து அவர் முழங்காலில் தலையால் முட்டும்.

அந்த வீட்டில் வேறு யாரும் அவரை அவ்வளவு நெருங்கியதில்லை.

நேற்று மருத்துவர் பூனையின் கழுத்தை இரண்டு விரலால் தடவினார். எக்ஸ்ரே எடுத்தார்.

"ஈரல் நிறையக் கொடுத்தீங்களா? அதுல உள்ள வைட்டமின் ஏ கூடிப்போனா இப்படித்தான். கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சுங்க. இனி கழுத்து திரும்பாது."

மகள் தையில் வருகிறாள். அப்பாவைப் பார்க்க என்று சொல்லவில்லை. பூனையைக் கூட்டிப்போக.

சாயங்காலம் போனில் அவள் முகம் வந்தது.

"மிளகு! டேய் மிளகு!"

பூனை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது மட்டும் பின்னால் மடிந்தது.

"ஏம்ப்பா, திரும்பவே மாட்டேங்குறான்?"

புழுத்த அரிசியையும் பழைய அரிசி என்று விற்றுவிடும் வாய் அவருடையது.

"நீ விட்டுட்டுப் போயிட்டீல்ல தாயி. கோவத்துல இருக்கான்."

படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தார். பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"நியாயந்தான். உங்ககூடப் பழகிட்டான். அங்கயே இருக்கட்டும்ப்பா."

"தையில..."

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன்."

 

திரை இருண்டது.

மிளகு எழுந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பு மொத்தத்தையும் திருப்பிக்கொண்டு வந்தது. முட்டக் குனியப் பார்த்தது. முடியவில்லை. தோளால் அவர் காலை உரசியது.

அவர் தராசை எடுத்து வைத்தார்.

எண்பது.

இருபது.

ஐந்து.

கூடவில்லை. குறையவில்லை.