நான்கு சொல் பக்கம்

பார்வை மங்க மங்க, ஃபிலோமினா தன் மின்நூல் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு திரைக்கு நான்கு சொற்கள்தான் நின்றன. மின்சார ரயிலில் அவளைச் சுற்றி நின்ற பெண்களுக்கும் அவை தெரிந்தன. அவள் விரல் பட்டுப் பக்கம் மாறும்போதெல்லாம் அத்தனை தலைகளும் அசையும். யாரும் யாருடனும் பேசியதில்லை.

கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்த முதல் நாள், எழுத்தைச் சிறிதாக்கி மளமளவென்று படித்தாள்.

கம்பியைப் பிடித்து நின்றவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “அக்கா, கதையில அந்தப் படகுக்காரப் பொண்ணு கரைக்கு வந்துட்டாளா இல்லியா?”

ஃபிலோமினா நிமிர்ந்தாள். இத்தனை முகங்களையும் இன்றுதான் தெளிவாகப் பார்க்கிறாள். எழுத்தை மறுபடி பெரிதாக்கி, விட்ட இடத்துக்குத் திரும்பினாள்.

“அடுத்த பக்கம் போகட்டுமா?”

“இருங்கக்கா, இன்னும் படிக்கல” என்றது கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

விரல் காத்திருந்தது.