மணியின் நாக்கு

ஒச்சம்மாவின் பசு போட்ட கன்றுக்குக் காட்டுமாட்டைப் போல நாலு காலும் முட்டிவரை வெள்ளை. "ஒம் பசு காட்டுக்குள்ளயே மாப்பிள்ள பாத்துக்கிச்சு புள்ள" என்று சிரித்த அவள் புருஷன் காத்தமுத்துவே, அது வளர்ந்து தொழுவத்தை இடித்ததும் கறிக்காரனுக்குச் சொல்லியனுப்பிவிட்டான். விடியற்காலையில் அவள் அதைத் தேயிலைக்காட்டு மேட்டுக்கு ஓட்டிப்போனாள். அங்கே காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கன்று ஆசையாய் ஓடியது; கழுத்துமணிச் சத்தத்தில் கூட்டம் மிரண்டு விலகியது. பசு செத்த அன்று அதன் மணியைக் கன்றுக்கு மாற்றிக் கட்டியவள் அவள்தான். "வாடா, நாந்தான் புத்திகெட்டவ" என்று கூப்பிட்டுக் கழற்றினாள். மறுபடி போனபோது ஒரு மாடும் விலகவில்லை. பனிக்குள் நுழையுமுன் கன்று திரும்பிப் பார்த்தது. தாயின் மணி கேட்டால் ஓடிவந்துவிடும். ஒச்சம்மா மணியின் நாக்கை இறுகப் பிடித்தபடி நின்றாள்.