பையின் அடியில்

பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதமாகியும் எம்.எல்.ஏ.வுக்குப் பேச்சு வரவில்லை. தினமும் காலையில் "அண்ணே" என்று கூப்பிட்டபடி ஒருவர் பை நிறைய மனுக்களோடு வருவார். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

அன்று நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். நானும் இவர் தொகுதிதான். எங்க பாலம் இடிஞ்சதுல இருந்து ஆறு கிலோமீட்டர் சுத்தி டூட்டிக்கு வர்றேன். மனுல கையெழுத்து விழுந்தா ஆச்சா? சபையில எழுந்து நின்னு கேக்க ஒரு ஆள் வேண்டாமா? உங்க அண்ணனை ராஜினாமா பண்ணச் சொல்லக்கூடாதா?"

எம்.எல்.ஏ. இடது கையைத் தூக்கி அந்தப் பையைக் காட்டினார். வந்தவர் தயங்கித் தயங்கி அதன் அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே ராஜினாமாக் கடிதம். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

"அப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார் சிஸ்டர். நான்தான் சபாநாயகர்கிட்ட சேர்க்கல."

"அண்ணன் பதவி போயிடுமேன்னா?"

"நான் இவர் தம்பி இல்லம்மா. போன தேர்தல்ல இவர்கிட்ட நூத்திப் பத்து ஓட்டுல தோத்தவன். இடைத்தேர்தல் வந்தா நான்தான் ஜெயிப்பேன்னு ஊரே சொல்லுது. படுத்திருக்கிற மனுஷனோட நாற்காலிய நான் எப்படிம்மா இழுக்கறது?"

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"உங்க பெரிய மனசு உங்களோட இருக்கட்டும் சார். அதுமேல நடந்து நான் ஆத்தைத் தாண்ட முடியாது. கொடுங்க, நான் சுத்திப் போற வழியில ஒரு போஸ்ட் ஆபீஸ் இருக்கு."

ஏழு மாதத்தில் முதல் தடவையாக எம்.எல்.ஏ.வின் பாதி வாய் சிரித்தது.