சுவர் சொன்ன சேதி

இஸ்ஃபஹான் அரண்மனையின் வாசல் மண்டபத்தில் நவ்ரோஸ் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் நெரிகிறது. ஒரு மூலையில் முணுமுணுத்தால் எதிர்மூலைச் சுவரில் கேட்கும் மண்டபம் அது. பர்வானே செங்கல்லில் காதை ஒட்டி நிற்கிறாள். தலைத்துணி நழுவியதுகூடத் தெரியவில்லை. எதிர்மூலையில் மகள் நெகாரும், அவளைப் பெண்கேட்டு வந்திருக்கும் சியாமக்கும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார்கள். அவனுக்கு ஷிராஸில் ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து முறிந்ததாகக் காற்றுவாக்கில் வந்த சேதி பர்வானேவைத் தூங்கவிடவில்லை. காற்றை நம்பாமல் சுவரிடமே விசாரிக்க வந்துவிட்டாள். மாலை வெயில் அவள் குதிகாலில் மஞ்சளாய்க் கிடக்கிறது. செங்கல் மெல்லப் பேசுகிறது, மகளின் குரலில்: "உங்க முதல் கல்யாணத்தை அம்மாகிட்ட எப்பத்தான் சொல்றது?" பர்வானே காதை இன்னும் அழுத்திக்கொள்கிறாள். இவளுக்கு முன்பே தெரியுமா? "இப்பச் சொல்லியாச்சே. திரும்பிப் பாரு, யாரு நிக்கிறாங்கன்னு," என்கிறது சியாமக்கின் குரல். பிறகு இன்னும் பணிவாக, "கேட்டுச்சா அத்தை?" பர்வானே தலைத்துணியை இழுத்துக் காதை மூடிக்கொள்கிறாள்.