மில்லுக்கு ஒரு எம்.பி.ஏ.

"பேரு?"

"முகம்மது றிஸ்லான்."

"வயசு?"

"இருபத்தொம்பது."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கத்தார்ல. லீவில வந்திருக்கன். வாற கிழமை திரும்ப டிக்கட்."

இவ்வளவும் ஹாஜியாரின் மடியில் கிடந்த ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. றிஸ்லானுக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஓட்டமாவடியில் கச்சி முகம்மது ஹாஜியாரின் நெல் மில்லைத் தெரியாதவர்கள் இல்லை. அங்கே முகாமையாளர் வேலை கேட்டு றிஸ்லான் கத்தாரிலிருந்து விண்ணப்பம் அனுப்பி மாதங்கள் போயிருந்தன. பதிலே இல்லை.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, ஹாஜியார் பார்க்க வரச் சொல்கிறார், ஃபைலை எடுத்துக்கொண்டு ஷாமில் மாமாவோடு போ என்றாள் உம்மா. மாமா எதற்கு என்று கேட்டான். தெரிந்த ஆள் ஒருவர் கூட வந்தால் ஹாஜியாருக்கு நம்பிக்கை வரும் என்றாள். மில்லில் நெல் அவிக்கிறார்கள், ஒரே புகை என்று சொல்லி, இருவரையும் ஹாஜியாரின் வீட்டு ஹோலிலேயே உட்காரவைத்தார்கள்.

இந்த வேலை கிடைத்தால் அவன் திரும்பிப் போகத் தேவையில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தவன், கத்தாரில் ஒரு சுப்பர் மார்க்கட்டின் ஸ்டோரில் பால்மாப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஊரிலேயே இருந்துவிட முயலாமல் அவன் போகவில்லை. பேங்கில் அனுபவம் போதாது என்றார்கள். லீசிங் கம்பெனியில் எடுத்தார்கள். எடுத்த கையோடு, தவணை கட்டாத ஆட்டோக்களைப் பறித்து வர அனுப்பினார்கள். இன்சூரன்ஸ்காரர் அவன் என்ன படித்தான் என்றே கேட்கவில்லை, எத்தனை சொந்தக்காரர் என்றுதான் கேட்டார்.

இங்கேயும் அதே கதைதான் போலிருந்தது. சிகரட் குடிப்பதுண்டா, குடும்பப் பொறுப்பு ஏதும் இருக்கிறதா, கோபம் கூடவா என்று ஹாஜியார் கேட்டுக்கொண்டே போனார். நாட்டரிசியைப் பக்கட்டில் அடைத்துக் கொழும்புக் கடைகளுக்குக் கொடுப்பது பற்றி விமானத்திலேயே யோசித்து வைத்திருந்ததை றிஸ்லான் சொல்லத் தொடங்கினான். ஹாஜியார் வட்டிலாப்பத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"முதல்ல இதச் சாப்பிடுங்க மகன்."

பிறகு எழுந்து திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மில்லின் கணக்கையெல்லாம் அவருடைய மகள் சஹ்லாதான் பார்க்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். திரும்பி வந்தவர் ஒரு கேள்வியோடுதான் வந்தார்.

"சஹ்லா கேக்கச் சொல்லுது. பொம்புள சொல்றதக் காது குடுத்துக் கேப்பீங்களா எண்டு."

அப்படியானால் கணக்கெழுதும் பிள்ளைக்குக் கீழேதான் தன்னை வைக்கப்போகிறார்கள். வாய் வரைக்கும் வந்ததை றிஸ்லான் விழுங்கிக்கொண்டான்.

"சரியாச் சொன்னா ஆர் சொன்னாலும் கேப்பன்."

ஹாஜியார் அதையும் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, முதல் தடவையாகச் சிரித்தார். தனக்கு என்னென்ன பொறுப்புத் தருவீர்கள் என்று றிஸ்லான் கேட்டதற்கு, பொறுப்பெல்லாம் தானாக வரும் என்றார்.

"வீடொண்டு கட்டியிருக்கன் மகன். ஆத்தப் பாத்த வீடு. டைல்ஸ் மட்டும்தான் பாக்கி. நீங்க அதில இருக்கலாம். இனிக் கத்தாருக்குப் போகத் தேவல்ல. எங்கட கண்ணுக்கு முன்னால இருங்க."

றிஸ்லானுக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது. கத்தாரிலும் கம்பெனிதான் அறை கொடுத்திருந்தது. தட்டுக் கட்டில், ஆறு பேர், ஒரு ஃபேன். வெள்ளிக்கிழமையிலும் சுப்பர்வைசர் கதவைத் தட்டி வேலைக்கு இழுப்பான். வாயைத் திறந்து ஒன்று கேட்டால், படுக்க இடம் தந்திருக்கிறோமே என்பான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அவன் எழுந்துவிட்டான். மாமா சட்டையைப் பிடித்து இழுத்தார், கையைத் தட்டிவிட்டான்.

"உங்கட வீடு எனக்கு வேணாம் ஹாஜியார். வீட்டக் காட்டி ஆள வாங்குறவங்கள நான் கத்தார்லயே கண்டுட்டன். அதில போய்ப் படுத்தா நாளைக்கு நான் உங்களுக்கு முன்னால வாய் திறக்க ஏலாது. என்ட படிப்பிலயும் உழைப்பிலயும் நம்பிக்கை இருந்தா எடுங்க, வாடகைக்கு ரூம் எடுத்தாவது இருந்துக்குவன். இல்லாட்டி டிக்கட் கிடக்கு, நான் போறன்."

மாமாவுக்கு வட்டிலாப்பம் தொண்டையிலேயே நின்றது. ஹாஜியாரின் முகம் கறுத்தது. அவருடைய ஹோலில் நின்று அவரிடம் இப்படிப் பேசியவர்கள் கிடையாது.

றிஸ்லான் ஃபைலை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான். ஆத்திரத்தில் வலது செருப்பை இடது காலில் மாட்டினான். கழற்றக் குனிந்தபோது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், இந்தத் தடவை ஹாஜியாரைத் தூது விடாமல், நேராகவே வந்தது.

"வந்த மாப்புளமாரெல்லாம் வீட்டத்தான் பாத்தாங்க வாப்பா, சீதனம் வேணாமெண்டு எழும்பினது இவர் ஒராள்தான். போக விடாதீங்க."